மரத்துக்குத் துட்டி கேட்ட ஊர்

இதை நான் பார்க்கவில்லை. விடுதியில் என் அறையில் இருக்கும் இசக்கிப்ரியா சொன்னாள். அவளும் முழுவதையும் பார்த்தவள் இல்லை. பாதியை ஊருக்குப் போயிருந்தபோது பார்த்தாள், மீதியை அவளுடைய அப்பா போனில் சொன்னார். இதில் வரும் மோர்க்கடைச் சண்முகக்கனி அவளுக்குச் சித்தி என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொந்தக்காரர்கள் சொல்லும் கதையில் ஒரு சாய்வு இருக்கும், அது எந்தப் பக்கம் என்று படிக்கிறவர்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது. நான் ஓர் இணையச் செய்தி நிறுவனத்தில் மாவட்டச் செய்திகளைச் சுருக்கி எழுதுகிறேன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கி மேஜை முன் உட்கார்ந்த முதல் ஆள் நான்தான். ஒரு சொல் தப்பாகப் போய்விட்டால் வீட்டில் யாரையும் கேட்க முடியாது என்ற பயம் எப்போதும் உண்டு. ‘மரம் இல்லாமல் நிழல்: பக்தர்கள் பரவசம்’ என்று இந்தச் செய்தி எங்கள் மேஜைக்கும் வந்தது. மந்திரி பேட்டிக்கும் தங்கம் விலைக்கும் நடுவே வந்து, சாயங்காலத்துக்குள் கீழே இறங்கிப் போய்விட்டது. அதில் சண்முகக்கனியின் பெயர் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நாவலூத்து விலக்கு, நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குள் ஒரு ரோடு பிரிகிற இடம். அங்கே ஒரு தூங்குமூஞ்சி மரம் நின்றது. யார் நட்டது என்று யாருக்கும் தெரியாது. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் அதன் கீழே நின்றார்கள், ஏசுவடியானின் ஆட்டோ அதன் கீழே நின்றது, மைதீன் பாயின் டீக்கடை அதன் கிளையில் தார்ப்பாயைக் கட்டியிருந்தது, சண்முகக்கனி அதன் வேரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு இரண்டு பானைகளில் மோர் விற்றாள். கறிவேப்பிலை, பச்சை மிளகாய், இஞ்சி, கொஞ்சம் கூடுதலாகவே பெருங்காயம். கனியின் மோரை மணத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம், பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வருகிறவர்கள்கூட அந்த மணம் வந்ததும் நாவலூத்து வந்துவிட்டது என்று எழுந்து பையைத் தேடுவார்கள் என்று ப்ரியா சொன்னாள். இது சாய்வு உள்ள இடமாக இருக்கலாம்.

மரத்துக்கு எதிரே தவசிலிங்கம் அண்ணாச்சி நான்கு மாடியில் ஜவுளிக்கடை கட்டினார். அவர் கட்சியின் ஒன்றியச் செயலாளர், அம்மன் கோயில் திருப்பணிக் குழுவுக்குத் தலைவர், கடைக்கு முதலாளி. ஆகவே ஊரில் எந்தக் காரியத்துக்குப் போனாலும் மூன்று வாசலில் எதில் நுழைந்தாலும் உள்ளே அவர்தான் உட்கார்ந்திருப்பார். கெட்டவர் என்று யாரும் சொன்னதில்லை. முக்கியமாக, சாவுக்கு வருவார். எந்தத் தெருவில் எந்தச் சாதியில் யார் செத்தாலும் முதல் மாலை அவருடையது. அவரே வெளியூரில் இருந்தாலும் கும்பிட்ட கையோடு அவர் முகம் அச்சடித்த கண்ணீர் அஞ்சலி பேனர் தெருமுனையில் ஏறிவிடும். பேனர் அடிக்கும் கடை வைத்திருந்த சுடலைமணியிடம் அதற்கு ஒரு நிரந்தர ஏற்பாடு இருந்தது. யாராவது இறந்தவரின் படத்தோடு போஸ்டர் அடிக்க வந்தால், அதே படத்தை வைத்து அண்ணாச்சி பெயரிலும் ஒரு பேனர் அடித்துக் கட்டிவிட வேண்டும், அவரைக் கேட்கவே வேண்டாம். “சாவு நம்மளக் கேட்டா வருது? பேனருக்கு மட்டும் எதுக்குக் கேக்கணும்?” என்று அவரே சொல்லியிருந்தார்.

நான்கு மாடிக் கடையின் பெயர்ப்பலகை நெடுஞ்சாலையில் வருகிறவர்களுக்குத் தெரியவில்லை. மரம் மறைத்தது. கடைத் திறப்பு விழா அன்று அவர் மாடியில் நின்று மரத்தைப் பார்த்து, “நல்ல மரம், ஆனா நிக்கத் தெரியாம நிக்கி” என்று சொன்னதாக ஏசுவடியான் சொல்கிறான். அதற்கு மேல் அவர் எதுவும் சொன்னதாக யாரும் சொல்லவில்லை. அவர்தான் செய்தார் என்று நானும் எழுதவில்லை.

மாசியில் மரம் மஞ்சளித்தது. பங்குனியில் இலை கொட்டிற்று. தூங்குமூஞ்சி சாயங்காலம் இலையை மடக்கிக் காலையில் விரிக்கிற மரம், அது காலையிலும் விரிக்காமல் கிடந்தது. சித்திரையில் காய்ந்த கிளை ஒன்று பஸ் மேல் விழ, நெடுஞ்சாலைக்காரர்கள் வாளோடு வந்தார்கள். அடிமரத்தில் வாள் இறங்கியதும் சாம்பார் மணத்தது. அறுத்தவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். இடுப்பு உயரத்தில் சுற்றிலும் துளை போட்டு, ஒவ்வொரு துளையிலும் பெருங்காயத்தை அடைத்து, மேலே மெழுகு பூசி, மெழுகின் மேல் மண் தடவியிருந்தது. பெருங்காயம் வைத்தால் மரம் பட்டுப்போகும் என்பது அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். விலக்கு முழுவதும் கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி மணந்துகொண்டிருக்க, கூட்டத்தில் யாரோ ஒருவர், யார் என்று இப்போது யாரும் சொல்லமாட்டேன் என்கிறார்கள், “பெருங்காயம் யாருட்டவே இருக்கு?” என்று கேட்டார்.

எல்லாரும் சண்முகக்கனியைப் பார்த்தார்கள்.

யாரும் குற்றம் சொல்லவில்லை, கை நீட்டவில்லை; வெறுமனே பார்த்தார்கள். கூட்டத்துக்குப் பின்னால் நான்கு மாடியில் ஒரு பெயர்ப்பலகை இருந்தது, அந்தப் பக்கம் பார்த்தால் நாளை எத்தனையோ காரியங்களுக்கு அந்த வாசலில் போய் நிற்க வேண்டும், மோர்ப்பானைப் பக்கம் பார்த்தால் ஒன்றும் கெட்டுப்போகாது, ஆகவே பார்ப்பதற்கு எளிதான பக்கம் பார்த்தார்கள். ஏசுவடியான் மட்டும் கலகலப்பாக்குவதாக நினைத்துக்கொண்டு, “கனியக்கா, மரத்துக்கும் மோரு ஊத்துனியளாக்கா?” என்று சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்பு வாட்ஸப் குழுவில் ஏறி, யூட்யூப் சேனலுக்குப் போய், மறுநாள் ‘மரத்தைக் கொன்ற மோர்க்காரி?’ என்று கேள்விக்குறியோடு வந்தது. கேள்விக்குறி போட்டுவிட்டால் எதையும் சொல்லலாம் என்று எங்கள் தொழிலில் ஒரு வசதி இருக்கிறது.

சண்முகக்கனி பெருங்காய டப்பாவை மூடி, மஞ்சள் துணியில் முடிந்து, பானைக்கு அடியில் வைத்தாள். “எம்பேரு தெளியுத வரைக்கும் இது மோருல விழாது” என்றாள். அன்றிலிருந்து அவள் மோரில் மணமில்லை.

வேரையும் ஜேசிபி தோண்டி எடுத்து, குழியை மூடி, சிமெண்ட் பூசிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அது. திங்கட்கிழமை வெயில் ஏறியதும் நிழல் விழுந்தது.

மரம் இருந்தபோது எங்கே விழுமோ அங்கேயே, அதே அகலத்தில், இலையிடுக்கில் வெயில் காசு காசாகச் சிதறியிருக்க, சிமெண்ட் மேல் தூங்குமூஞ்சியின் நிழல் விழுந்தது. முதலில் ஒரு நாய் வந்து படுத்தது. பிறகு மதினி நாத்தனார் இரண்டு பேர் பையை வைத்துவிட்டு நின்றார்கள். பிறகு ஏசுவடியான் ஆட்டோவை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான். பிறகு பஸ் வந்து பழைய இடத்திலேயே நின்றது. அண்ணாந்து பார்த்தால் வெறும் வானம், கண் கூசியது. குனிந்து பார்த்தால் கிளை, கிளையில் கூடு, கூட்டில் அசைவு. காக்கை உட்கார இடம் தேடி மேலே சுற்றிக்கொண்டே இருக்க, அதன் நிழல் மட்டும் கீழே கிளையின் நிழலில் வசதியாக உட்கார்ந்திருந்தது. சாயங்காலம் இலைகள் மடங்கின, நிழல் மெலிந்தது. காலையில் விரிந்தது. வெளியூர் கண்டக்டர் ஒருவர்தான், “என்னங்க இது, மேல ஒண்ணுமில்ல?” என்று கேட்டார். மைதீன் பாய் டீயை ஆற்றிக்கொண்டே, “கீழ இருக்குல்லா, பெறகென்ன?” என்றார்.

ஊர் அதை ஏற்றுக்கொண்டது. குழாயில் தண்ணீர் வராத நாளையும் கரெண்ட் வராத ராத்திரியையும் ஏற்றுக்கொள்கிற ஊருக்கு, வராமல் போக வேண்டியது ஒன்று வந்துகொண்டிருப்பதை ஏற்பது கஷ்டமாக இல்லை. முதல் வாரம் கோயில் குழுவினர் வந்து இது அம்மனின் கருணை என்று சொல்லி, மஞ்சள் துணி கட்ட அடிமரம் இல்லாததால் நான்கு மூங்கிலை நட்டு அதில் கட்டினார்கள், உண்டியல் வைத்தார்கள். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்தவர்கள் இறைவனின் ரஹ்மத் என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நின்றார்கள். கர்த்தருடைய செட்டையின் நிழல் என்று சபையில் பிரசங்கம் நடந்தது. ஜவுளிக்கடை, ‘அதிசய நிழலுக்கு நேர் எதிரில்’ என்று விளம்பரம் கொடுத்தது. கட்சி, ‘நிழல் தந்த நாயகரே’ என்று பேனர் வைத்து, அந்த நிழலிலேயே நீர்மோர்ப் பந்தல் திறந்தது. திறப்பு விழாவுக்குப் பிறகு பானை காலியாகவே இருந்தாலும் பந்தல் பந்தலாகவே நின்றது. மரம் இருந்தபோது யாரும் யாரையும் எங்கே உட்கார் என்று சொன்னதில்லை. நிழல் மட்டும் ஆனபிறகு, நடுவில் அடர்த்தியான இடம் யாருக்கு, இலை கம்மியான ஓரம் யாருக்கு என்று வந்துவிட்டது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஓரத்துக்குப் போக வேண்டியவர்கள் தாங்களாகவே ஓரத்துக்குப் போனார்கள்.

சண்முகக்கனியும் தன் பானைகளோடு பழைய இடத்தில் உட்கார்ந்தாள். சாய்ந்துகொள்ள வேர் இல்லை. மோர் வாங்க ஆளும் இல்லை. நான்கைந்து பேர் வந்தார்கள், குடிப்பதற்கு முன் மோந்து பார்த்தார்கள், அது மணம் தேடியா, பயந்தா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் மகள் நர்ஸிங் படிக்கப்போன கல்லூரியில்கூட அந்தக் கேள்விக்குறி வீடியோவைக் காட்டி, “ஒங்க அம்மாவா?” என்று கேட்டிருக்கிறார்கள். மகள் போனில் அழுத அன்று சண்முகக்கனி பானைகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்குப் போய் மனு கொடுத்தாள். மரத்தைக் கொன்றது யார் என்று கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான் மனு.

விசாரிக்க ஒரு வருவாய் ஆய்வாளர் வந்தார். வெயிலில் வந்தவர், நிழலில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, “எந்த மரம்மா?” என்று கேட்டார்.

“நீங்க உக்காந்திருக்கிய இடத்துல நின்னது சார்.”

அவர் காலுக்குக் கீழே பார்த்தார். காற்றில் நிழல் அசைந்தது. “இது இருக்கே.”

“இது நெழலு சார். மரம் செத்துப்போச்சு.”

“நெழல் இருக்கையில மரம் எப்படிம்மா செத்திருக்கும்? நான் என்னன்னு எழுத?”

அவர் கேலி செய்யவில்லை, உண்மையாகவே குழம்பிப்போய்க் கேட்டார் என்று ப்ரியாவின் அப்பா சொன்னார். நிழல், கண்ணுக்குத் தெரிகிறது. மரம் பட்டதற்குச் சாட்சியான கட்டைகள் மரக்கடைக்குப் போய்விட்டன. குழி சிமெண்டுக்குக் கீழே இருக்கிறது. அவர் இளநீர் குடித்துவிட்டுப் போனார். மனு முடிக்கப்பட்டது.

அன்று மாலை தவசிலிங்கம் அண்ணாச்சி தானே நடந்து வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மோர்ப்பானைக்கு எதிரே குந்த வைத்து உட்கார்ந்தார். அப்படி உட்காரத் தெரிந்தவர் அவர்.

“ஏ தாயி, எதுக்கு அலையுத? கவர்மெண்டே சொல்லிட்டு, மரம் சாவல. சாவாத மரத்த யாரு கொன்னிருக்க முடியும்? ஒம்மேலயும் பழியில்ல, யார் மேலயும் பழியில்ல. இந்த நீர்மோர்ப் பந்தல நீயே எடுத்து நடத்து. மாசாமாசம் நம்ம கடையிலயே சம்பளம். நெழலுலயே இருந்துக்க.”

சண்முகக்கனி பானையைக் கலக்கிக்கொண்டே கேட்டாள். அவர் சொன்னதில் அவளுக்கு லாபம் இருந்தது, அதை அவள் மறைக்கவும் இல்லை. ப்ரியாவிடம், “ஒரு நிமிசம் சரின்னு சொல்லிருவோமான்னு நெனச்சேம்ட்டி” என்று சொல்லியிருக்கிறாள். மரம் சாகவில்லை என்று அவள் ஒப்புக்கொண்டால் அவள் கொலைகாரி இல்லை. மரம் செத்தது என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தால், கொன்றவள் என்ற பெயர் அவளிடமே இருக்கும். இந்த மாதிரி ஒரு கணக்கை எங்கள் செய்தி மேஜையில் தினமும் யாராவது யார் முன்னாலாவது வைப்பதை நான் பார்க்கிறேன். பெரும்பாலும் சரி என்றுதான் சொல்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

“அது செத்துப்போச்சு அண்ணாச்சி” என்றாள். “எம் முதுகுக்குத் தெரியும்லா.”

மறுநாள் காலை அவள் சுடலைமணியின் கடைக்குப் போனாள். போனில் இருந்த ஒரு படத்தைக் காட்டினாள். மகளுக்குப் பதினெட்டு வயது ஆனபோது மரத்தடியில் எடுத்தது, மகளை விட்டுவிட்டு மரத்தை மட்டும் எடுக்கச் சொன்னாள். கண்ணீர் அஞ்சலி. பெயர் என்ற இடத்தில் தூங்குமூஞ்சி மரம். தோற்றம், தெரியாது. மறைவு, சித்திரை. இப்படிக்கு, மோர்க்கடை சண்முகக்கனி.

சுடலைமணி, “யக்கா, நெசமாவா?” என்று ஒருமுறை கேட்டார். “துட்டி வச்சிருக்கேன். ஒருத்தருக்குச் சாவுன்னா போஸ்டர் ஒட்டணும்லா?” என்றாள்.

துட்டி என்றால் அந்தப் பக்கத்தில் சாவு விசாரிப்பது. சாவு வீட்டுக்கு வருகிறவரை வாங்க என்று சொல்லமாட்டார்கள். வந்தவரும் சும்மா உட்காரக் கூடாது, ‘எப்படி ஆச்சு?’ என்று கேட்க வேண்டும். முன்பே தெரிந்திருந்தாலும் கேட்க வேண்டும். துக்கத்தில் இருப்பவர் எத்தனை பேர் கேட்டாலும் அத்தனை பேருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். பிறகு வந்தவர் போய்வருகிறேன் என்று சொல்லாமல் எழுந்து போய்விட வேண்டும். துட்டிக்கு வராமல் இருந்துவிட்டால் அது பகை என்று ஆகிவிடும். கல்யாணத்துக்கு வராததை மறக்கிற ஊர், துட்டிக்கு வராததை மறக்காது.

சண்முகக்கனி போஸ்டரை மூங்கிலில் ஒட்டிவிட்டு, நிழலை விட்டு வெளியே போய், நடு வெயிலில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்தாள். செத்தவர்களின் நிழலில் துட்டி வைக்க முடியாது என்றாள். அக்கினி நட்சத்திரம் முடிந்தும் முடியாத வெயில் அது. நிழலில் இருந்தவர்கள் அங்கிருந்தே பார்த்தார்கள். ஐம்பது பேருக்கு மேல் இருந்தார்கள், ஒருவரும் அசையவில்லை, காக்கையின் நிழல்கூட அசையவில்லை.

மைதீன் பாய்தான் முதலில் அடுப்பை அணைத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, நிழலின் விளிம்பைத் தாண்டி வெயிலுக்கு வந்து, சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, “நல்லாத்தான இருந்துச்சு. எப்படிம்மா ஆச்சு?” என்று கேட்டார்.

“இடுப்பு ஒசரத்துல தொள போட்டு, பெருங்காயத்த அடச்சு, மெழுகு பூசியிருக்காவ பாய். மாசியிலயே மஞ்சளிச்சிட்டு. நாந்தான் வெயிலுனால இருக்கும்னு இருந்துட்டேன்.”

பாய் எழுந்து போனார். நிழலுக்குத் திரும்பவில்லை. கடையின் மறுபக்கம் போய் வெயிலிலேயே நின்றார். அடுத்தது அந்த மதினியும் நாத்தனாரும். அடுத்தது ஏசுவடியான். அவன் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டு, “யக்கா, நான் வெளாட்டுக்குச் சொன்னது…” என்று ஆரம்பித்தான். “துட்டிக்கு வந்தா கேக்க வேண்டியதக் கேளுல” என்றாள் அவள். “எப்படிக்கா ஆச்சு?” என்று கேட்டான். அவள் முதலிலிருந்து சொன்னாள். இப்படி ஒவ்வொருவராக நிழலிலிருந்து வெயிலுக்கு வந்தார்கள், ஓரத்தில் இருந்தவர்கள் முதலிலும் நடுவில் இருந்தவர்கள் கடைசியிலுமாக வந்தார்கள், கேட்டார்கள், துளை, பெருங்காயம், மெழுகு என்று அவள் அத்தனை பேருக்கும் ஒரே மாதிரி சொன்னாள். சொல்லச் சொல்ல, அந்தக் காலையில் வாள் இறங்கியபோது வந்த மணம் மறுபடி வந்ததாகச் சிலர் சொல்கிறார்கள். ப்ரியா தனக்கு வரவில்லை என்கிறாள்.

அண்ணாச்சி கட்சிக் கூட்டத்துக்குச் சென்னை போயிருந்தார். இரண்டாம் நாள் மதியம் காரில் வந்து விலக்கில் இறங்கினார். இறங்கியதும் எதிரே தன் முகத்தைப் பார்த்தார்.

ஜவுளிக்கடையின் அகலத்துக்குப் பேனர் நின்றது. கும்பிட்ட கை, கருப்புக் கரை, ஓரத்தில் கட்சித் தலைவர்களின் சின்னச் சின்ன முகங்கள், நடுவில் மரம். ‘எங்களை ஆறாத் துயரில் ஆழ்த்திவிட்டு மறைந்த தூங்குமூஞ்சி மரத்துக்குக் கண்ணீர் அஞ்சலி. ஆழ்ந்த இரங்கலுடன், ஒன்றியச் செயலாளர் அ. தவசிலிங்கம்.’ போஸ்டர் அடிக்க வந்தால் பேனர் கட்ட வேண்டும் என்ற ஏற்பாட்டின்படி சுடலைமணி அடித்து, முந்தைய நாளே கட்டிவிட்டார். யோசிக்காமல் பழக்கத்தில் அடித்துவிட்டேன் என்றுதான் சுடலைமணி இன்றைக்கும் சொல்கிறார். சொல்லும்போது முகத்தில் ஒன்றும் தெரியாது என்றாள் ப்ரியா.

“அண்ணாச்சி, வந்துட்டியளா? நீங்க வராம இருக்க மாட்டியன்னு சொல்லிட்டே இருந்தோம்” என்றார் ஒரு பெரியவர், நிஜமாகவே மனம் நெகிழ்ந்து. அண்ணாச்சியின் ஆள் ஒருவர் பேனரை அவிழ்க்கக் கயிற்றில் கை வைத்தார். அண்ணாச்சி தலையை அசைத்துத் தடுத்தார். தலைவர்கள் படத்தோடு உள்ள பேனரை இறக்கினால் அதை ஒருவர் படம் எடுப்பார், படம் மேலே போகும். இரங்கல் பேனரை இறக்கினால் சாவை இறக்கிவிட்டார் என்று ஊர் சொல்லும். அவர் அதுவரை ஒரு சாவையும் விட்டவர் இல்லை.

ஆகவே நடந்து வந்தார். ஊர் விலகி வழி விட்டது. சாக்கில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். வெயில் அவருடைய வெள்ளைச் சட்டையில் பட்டுத் தெறித்தது. ஒரு பஸ் வந்து, ஹாரன் அடிக்காமல் நின்றது. அவர் தொண்டையைச் செருமினார், வேட்டி நுனியைச் சரி செய்தார், நெடுநேரம் தரையைப் பார்த்தார். கேட்காமல் எழுந்திருக்க முடியாது.

“எப்படித் தாயி ஆச்சு?”

சண்முகக்கனி மற்ற எல்லாருக்கும் முதலிலிருந்து சொன்னவள், அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஒங்களுக்குத் தெரியாததா அண்ணாச்சி?” என்றாள்.

மரியாதையாகத்தான் சொன்னாள். குரல் உயரவில்லை. ஆனால் அங்கே இருந்த அத்தனை பேரும் அப்போது ஒரே சமயத்தில் அண்ணாச்சியைப் பார்த்தார்கள். அதே ஆட்கள், அதே கண்கள், சித்திரையில் மோர்ப்பானைப் பக்கம் திரும்பிய அதே பார்வை. அவர் எழுந்தார், போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. அதைத் துட்டியின் முறை என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

அவர் கார் கிளம்பும் சத்தம் அடங்கியபோது, உச்சி வெயிலில் நிழலின் இலைகள் மடங்க ஆரம்பித்தன. சாயங்காலம் மடங்குகிற மாதிரிதான், அவசரமில்லாமல், வெளி நுனியிலிருந்து உள்ளே மடங்கிக்கொண்டே வந்தன. பிறகு சின்னக் கிளைகள் சிமெண்டிலிருந்து தேய்ந்தன, பிறகு பெரிய கிளைகள், கூடு, கடைசியாக அடிமரம். காக்கையின் நிழல் எழுந்து பறந்து, மேலே சுற்றிக்கொண்டிருந்த காக்கையோடு போய்விட்டது. சிமெண்ட் வெள்ளையாகக் கொதித்தது.

அன்று யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் சொன்னார்கள். வெயிலில் குழந்தையை வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்ற ஒருத்தி, “இருந்த நெழலயும் அழுது அனுப்பிட்டா” என்றாள். உண்டியலை எடுத்துக்கொண்டு போன கோயில் ஆட்கள் சண்முகக்கனியைத் திரும்பிப் பார்க்கவில்லை. மரத்தைக் கொன்றவள் என்று இனி யாரும் சொல்லமாட்டார்கள், நிழலைப் போக்கினவள் என்று சொல்வார்கள். இரண்டில் எது சுமக்க லேசானது என்று எனக்குத் தெரியவில்லை. “சித்தி அப்பவே சரின்னு சொல்லியிருக்கலாமோ?” என்று ப்ரியாவிடம் ஒருமுறை கேட்டேன். அவள் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். செய்தியில் எல்லாம் மரம் போவதையும் நிழல் மிஞ்சுவதையும் பார்த்துப் பார்த்து, நிழல் போதும் என்று எனக்கும் பழகிவிட்டதோ என்று அன்றைக்குப் பயமாக இருந்தது.

கேட்டதை அப்படியே எழுதி அனுப்ப மனமில்லை. போன மாதம் விடுமுறை எடுத்து, நாவலூத்து விலக்கில் போய் இறங்கினேன். மதியம். மரம் இல்லை, நிழல் இல்லை, சிமெண்ட் இருந்தது. பேனர் இருந்தது. வெயிலில் வெளுத்து, மரம் சாம்பல் நிறமாகி, ஒரு மூலை கிழிந்து தொங்கினாலும், அண்ணாச்சியின் முகம் இருப்பதால் அதை இறக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. அந்த நேரத்துக்கு விலக்கில் அந்தப் பேனரின் நிழல் ஒன்றுதான் நிழல், பஸ்ஸுக்கு வந்தவர்கள் அதற்குள் ஒட்டி ஒட்டி நின்றார்கள். நானும் நின்றேன். இங்கே ஒரு மரம் இருந்ததாமே, எப்படிப் போயிற்று என்று கேட்டேன். யாரும் பெயர் சொல்லவில்லை. எல்லாரும் மேலே பேனரைப் பார்த்தார்கள்.

நிழலுக்கு வெளியே, கருப்புக் குடை ஒன்றை மூங்கிலில் கட்டிக்கொண்டு ஓர் அம்மா இரண்டு பானைகளோடு உட்கார்ந்திருந்தார். நான் யார் என்று சொல்லவில்லை. ஒரு டம்ளர் மோர் கேட்டேன். அவர் பானையைக் கலக்கி ஊற்றிக் கொடுத்தார். வாய்க்குக் கொண்டுபோவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. மோரில் பெருங்காயம் இருந்தது.